தேரிக்காட்டுக் காற்றில் லைவ் சவுண்ட்: யோசனை சொல்லுங்க மக்கா

எல்லாருக்கும் வணக்கம். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் (செம்மணல் மேட்டுக் காடு) 20 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எடுக்கப் போறோம். நடிக்கிறவங்க எல்லாரும் பனையேறிக் குடும்பத்து ஆட்கள். அவங்க பேச்சை அப்படியே ஸ்பாட்டில் பதிவு பண்ணணும். டப்பிங் தியேட்டரில் நிக்க வச்சா அந்த இழுப்பும் மூச்சும் வராது, எனக்கு நிச்சயமாத் தெரியும்.

பின்னணி இசையும் கிடையாது. 'கொட்டுக்காளி' பார்த்ததில் இருந்து பிடிச்ச பைத்தியம் இது. அந்த ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும் போதும்னு டைரக்டர் வினோத்ராஜ் நம்பினார் பாருங்க, அந்தத் துணிச்சல்! அவரோட 'கூழாங்கல்'லையும் அந்த வெயிலைக் காதாலயே கேக்கலாம். (இசை இல்லாம படமான்னு எங்க தயாரிப்பாளர், அதாவது என் மச்சான், இன்னும் புலம்புறார்.)

பிரச்சினை காற்று. ஆடி மாசம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காற்று மைக்கை உண்டு இல்லைன்னு ஆக்கிடும். கதைக்கு அந்தக் காற்று வேணும், அதனால தேதியைத் தள்ள முடியாது. பூம் மைக்குக்கு (நீளக் கம்பு நுனியில் கட்டிப் பிடிக்கிற மைக்) வெறும் ஸ்பாஞ்ச் உறை பத்தாது. மைக்கை முழுசா மூடுற ரோமம் வச்ச காற்றுத் தடுப்புக் கூடு, அதான் பிளிம்ப், மதுரை, நெல்லையில் வாடகைக்குக் கிடைக்குமா? சேலை மடிப்புக்குள்ள லேப்பல் மைக் (உடுப்பில் மாட்டுற குட்டி மைக்) வச்சா துணி உரசாம எப்படி ஒட்டுறது? சத்தம் திடீர்னு கூடினாலும் சிதையாமப் பதியுற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினா காற்று அடிக்கிறதுக்கு ஏதாவது பலன் உண்டா, இல்ல லெவல் எகிறினா மட்டும்தான் உதவுமா?

கடலோரத்தில் லைவ் சவுண்ட் பண்ணின அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தா கமெண்டில் சொல்லுங்க. சம்பளம் கொஞ்சம்தான், ஆனா கண்டிப்பாக் கொடுத்துடுவோம்.