இருபடிச் சமன்பாடு: நடு உறுப்பைப் பிரிப்பதா, நேரே சூத்திரமா?

கணக்கு: செவ்வகத்தின் நீளம், அகலத்தின் இருமடங்கைவிட 5 மீ குறைவு. பரப்பு 63 ச.மீ. அகலம் என்ன?

வட்டப்பாறை:
அகலம் அ என்க. அ(2அ−5)=63. இங்கேயே மாணவர்கள் “அ=63 அல்லது 2அ−5=63” என்று எழுதிவிடுகிறார்கள். பெருக்கற்பலன் 0 ஆனால்தான் அப்படிப் பிரிக்கலாம். எனவே முதலில் 2அ²−5அ−63=0.
2×(−63)=−126. பெருக்கினால் −126, கூட்டினால் −5 தரும் எண்கள் −14, 9. நடு உறுப்பு −5அ-வை இவற்றால் பிரித்தால் 2அ²−14அ+9அ−63=0.
2அ(அ−7)+9(அ−7)=0
(அ−7)(2அ+9)=0
அ=7. இன்னொரு விடை −4.5, அகலம் குறை எண்ணாகாது, அந்தக் காரணத்தையும் எழுத வேண்டும். ax²+bx+c=0-க்கான சூத்திரம் x=(−b±√(b²−4ac))/(2a) இதற்கு எதற்கு?

நாற்கரம்:
பரப்பை 60 ஆக்கிப் பாருங்கள். 2×60=120. அதற்கு எட்டுக் காரணி ஜோடிகள். 8, 15-க்கு வித்தியாசம் 7. 10, 12-க்கு 2. நடுவில் 5 வரவே வராது. மாணவர் தேடிக்கொண்டே இருப்பார். சூத்திரத்தில் (5+√505)/4, ஏறத்தாழ 6.87 மீ. முடிந்தது.

வட்டப்பாறை:
அந்தச் சூத்திரத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். −4×2×(−63) என்பது +504. குறியை விட்டால் 25−504=−479 வரும்; “மெய் மூலங்கள் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். குறி சரியாக வந்தாலும், பின்னக்கோட்டைக் குட்டையாகப் போட்டு 5+23/4 ஆக்கிவிடுகிறார்கள்.

நாற்கரம்:
குறிப்பிழை உங்கள் முறையிலும் உண்டு. 9அ-வை முதலில் எழுதினால் −14அ−63 மிஞ்சும். −7-ஐ வெளியே எடுத்ததும் உள்ளே 2அ+9. அதை 2அ−9 என்று எழுதினால் பொதுக் காரணியே கிடைக்காது.

செங்கோணம்:
பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழியை ஏன் இருவரும் விட்டுவிட்டீர்கள்? முதற்கெழுவின் (அ²-க்கு முன்னுள்ள எண்ணின்) நான்கு மடங்கால், இங்கே 8-ஆல், பெருக்குங்கள்: 16அ²−40அ=504. நடுக்கெழுவின் வர்க்கம் 25-ஐ இருபுறமும் கூட்டுங்கள்: (4அ−5)²=529. 4அ−5=±23. பின்னமே வராது. பரப்பு 60 என்றாலும் இதே படிகள்தான், வலப்பக்கம் 505. சூத்திரம் பிறப்பதும் இங்கேதான்.

வட்டப்பாறை:
529 என்பது 23² என்று தெரிந்தாக வேண்டுமே. −14, 9-க்கு வாய்ப்பாடு போதும். முதல் முயற்சி பிரிப்பதாகவே இருக்கட்டும்.

நாற்கரம்:
தன்மைக்காட்டியை (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் இருக்கும் b²−4ac) முதலில் போட்டால் தேடலே வேண்டாம். 529-க்கு வர்க்கமூலம் 23; (−5+23)/2=9, (−5−23)/2=−14. நீங்கள் தேடிய அதே இரண்டு எண்கள். முழு வர்க்கமல்லாத 505 வந்தால் முழு எண்களாகப் பிரிக்க முடியாதென்று அப்போதே தெரிந்துவிடும்.