நகராட்சி அலுவலகத்துக்குச் சாய்தளமா, வீடு தேடி வரும் சேவையா?

ஆற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நம் நகராட்சி அலுவலகத்தையும் பழைய பேருந்து நிலையத்தையும் ஒன்றாகப் புதுப்பிக்கப் போகிறார்கள். எஸ்டிமேட் இன்னும் கையெழுத்தாகவில்லை. போன வாரம் எங்கள் வார்டு பகுதி சபைக் கூட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார் கவுன்சிலர். அதற்காகத்தான் இந்த இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஒரு சாய்தளம், ஒரு கழிப்பறை, இரண்டு சக்கர நாற்காலி’ என்று சாமான் பட்டியல் மாதிரி எழுதிக் கொடுத்தால் அப்படியே வாங்கிப் போட்டுவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். வழியாகக் கேட்க வேண்டும். பேருந்திலிருந்து இறங்குகிற ஒருவர் வரி கட்டும் கவுன்டர் வரைக்கும் யாரும் தூக்கிவிடாமல் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு படி மிச்சமிருந்தாலும் மற்ற செலவெல்லாம் வீண்தான். உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்தும் வரட்டும்.

கணக்குப்பிள்ளை:
மாற்றுக் கருத்து என்னுடையது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அவர்களிலும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஒரு பகுதிதான். நம் ஊரில் பாதித் தெருக்களுக்கு வடிகாலே கிடையாது. மழைக்காலத்தில் எல்லாருக்குமே வழியில்லை.

இன்னொன்று, அரசே இப்போது வீட்டுக்கு வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டிலேயே கிடைக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தபிறகு முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் அரிசி வாசலுக்கே வருகிறது. சொத்து வரியை போனிலேயே கட்டுகிறோம். ஆளை அலுவலகத்துக்கு வரவழைக்க லட்சக்கணக்கில் கொட்டுவதைவிட, அந்தப் பணத்தில் இன்னும் நாலு சேவையை வீட்டுக்கு அனுப்பினால் அதிகம் பேர் பயனடைவார்கள். இதுதான் நியாயமான கணக்கு என்று நினைக்கிறேன்.

மூன்றுசக்கரம்:
அண்ணா, உங்கள் கணக்கில் வருகிற ஆள் நான். சின்ன வயதில் போலியோ. காலில் மாட்டும் காலிபர் தாங்கியும் ஊன்றுகோலும், வெளியே போக இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும் உண்டு.

ரேஷன் வீட்டுக்கு வருவது பெரிய நிம்மதி. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வருவது அரிசி. பக்கத்து வீட்டுக்காரர் என் சுவரை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய் போட்டபோது நான் புகார் கொடுக்க அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதிகாரி மாடியில். ஒருவர் மனுவை வாங்கிக்கொண்டு, ‘நீங்க இங்கேயே இருங்க, நான் கொடுத்துட்டு வர்றேன்’ என்று மேலே போனார். நல்ல மனுஷன். ஆனால் அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் அங்கே இல்லை. மனு திரும்பி வந்தது. மூன்று தடவை இப்படி நடந்தது.

எல்லாமே வீட்டுக்கு வரட்டும் என்றால் நான் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அர்த்தமாகிவிடுகிறது. நீங்கள் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். கேட்கிறவனுக்கு அப்படித்தான் கேட்கிறது.

செவ்வந்தி:
கணக்குப்பிள்ளை சார் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்கிறார். அந்தக் கணக்கில் என் மாமியார் இல்லை. மூட்டுத் தேய்மானம், அடையாள அட்டை எதுவும் கிடையாது. கைப்பிடி இல்லாத மூன்று படி அவருக்கு மலை. எட்டாம் மாதத்தில் நான் இருந்ததும் அந்தக் கணக்கில் கிடையாது.

சைட் இன்ஜினீயர்:
கட்டட வேலையில் 20 வருடமாக இருப்பவன். பணம் எங்கே வீணாகிறது என்பதைச் சொல்கிறேன், இரண்டு பக்கத்துக்கும் உதவும்.

சாய்தளத்துக்கு விதி 1-க்கு 12. அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். நம் நகராட்சி வாசலில் நாலு படி. படிக்கு 15 செ.மீ. வைத்தால் 60 செ.மீ. உயரம். ஆக 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அதற்கு மேலேயும் கீழேயும் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம். இடத்துக்காக இதை மூன்று மீட்டரில் முடித்துவிடுவார்கள். அதில் ஏற முயன்றால் நாற்காலி பின்னால் கவிழும். இறங்கினால் நேராகச் சாலையில் போய் நிற்கும். பார்த்தால் சாய்தளம், ஆனால் யாராலும் பயன்படுத்த முடியாது. பிறகு அதில் பைக் நிறுத்துகிறார்கள், ‘பார்த்தீர்களா, யாரும் வருவதில்லை’ என்று பேச்சு வருகிறது.

அடுத்தது, வழுவழு கிரானைட். மழை நாளில் ஊன்றுகோல் நிற்காது. சொரசொரப்பான கல் அதைவிட விலை குறைவு. அப்புறம் கதவு. 90 செ.மீ. இடைவெளி வேண்டும், வாசல்படிக் கல் துருத்தக் கூடாது. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறந்தால் நாற்காலி உள்ளே போனபின் கதவைச் சாத்தவே முடியாது. கைப்பிடி இரண்டு உயரத்தில், 76 செ.மீ., 90 செ.மீ. இவற்றையெல்லாம் வரைபடத்திலேயே போட்டுவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்து இடித்துக் கட்டினால்தான் லட்சங்கள்.

பஜார் கடை:
பேருந்து நிலையத்துக்கு எதிரே எனக்கு ஸ்டோர் இருக்கிறது. நடைபாதையைச் சரிசெய்கிறேன் என்று எங்கள் கடைப் படிகளை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு ஓடுகிறது. முன்பு வடிகாலுக்குத் தோண்டினபோது மாதக்கணக்கில் பலகை போட்டுத்தான் வியாபாரம் பார்த்தோம். ஒரு அம்மா பலகையில் வழுக்கி விழுந்தார்கள். சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்திக்கொண்டே போவதால்தான் நாங்களும் கடையை உயர்த்திப் படி கட்டினோம். எங்கள் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

ஆற்றங்கரை:
அண்ணாச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் கடிதம் போயிருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் இன்று கட்டுகிற சாய்தளத்தின் அடிப்பாகமும் ஐந்து வருடத்தில் சாலைக்குள் புதைந்துவிடும். ஆகவே ‘சாலை மட்டம் உயரக் கூடாது’ என்பதையும் நம் மனுவில் சேர்க்கிறேன். கடைகளுக்கு முன்னால் பகுதி பகுதியாக வேலை, ஒரு பகுதி முடிந்து மூடின பிறகே அடுத்தது என்பதையும் சேர்க்கிறேன். சரிதானே?

பஜார் கடை:
அது எழுத்தில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாய்வார்த்தை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
இன்ஜினீயர் சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அதுவே என் பயத்தையும் கூட்டுகிறது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் பக்கம் போக மணலில் மரப்பாதை போட்டார்கள். 263 மீட்டர், 1.14 கோடி ரூபாய். 2022 நவம்பர் 27-ஆம் தேதி திறந்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயலில் பாதையின் கடலோரப் பகுதி உடைந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தலைநகரத்திலேயே இப்படி என்றால் நம் நகராட்சி எதைப் பராமரிக்கும்? சேவையை வீட்டுக்கு அனுப்பினால் உடைவதற்கு எதுவும் இல்லை.

மூன்றுசக்கரம்:
அந்தப் பாதையைச் சரிசெய்து மறுபடி திறந்தார்களே அண்ணா. நான் போயிருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில்தான் அலை என் காலில் பட்டது. அதுவரை மெரினா எனக்குச் சாலையிலிருந்து தெரிகிற ஒரு நீலக் கோடுதான். உடைந்ததைச் சரிசெய்யச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். உடையும் என்பதற்காகக் கட்டவே வேண்டாம் என்றால் எந்தப் பாலமும் இருக்காது.

வெள்ளைக்கோல்:
சாய்தளம் பற்றியே பேச்சு போகிறது. எனக்குப் பார்வை இல்லை. போனில் திரையைப் படித்துக்காட்டும் வசதியோடுதான் இதை எழுதுகிறேன். எனக்கு வேண்டியது வேறு.

மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் 1967-இல் ஒகயாமா நகரத்தில் முதலில் பதித்தது. நீளக் கோடு இருந்தால் ‘இந்தப் பக்கம் நட’, புள்ளி இருந்தால் ‘நில், கவனி’. காலுக்கும் கோலுக்கும் அது ஒரு மொழி. நான் வேலைக்குப் போகும் ஊரில் அலங்காரத்துக்காக என்பது மாதிரி அதைப் பதித்திருக்கிறார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன், நேராக மின்கம்பத்தில் மோதினேன். நெற்றியில் மூன்று தையல். டைல்ஸே இல்லாமல் இருந்தால் மெதுவாகப் போயிருப்பேன். தப்பான டைல்ஸ் பொய்யான வழிகாட்டி.

பேருந்து நிலையத்தில் எனக்கு வேண்டியதில் பாதிக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரே இடம், தினமும் அதே இடம். இப்போது எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று டிரைவருக்குத்தான் தெரியும். நான் ஒவ்வொருவரிடமும் ‘இது எந்த வண்டி’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது. அதில் விளம்பரத்துக்கு நடுவில் வண்டி எண்ணையும் சொன்னால் போதும்.

கணக்குப்பிள்ளை:
இது நியாயம். செலவில்லாததை நாளைக்கே செய்யலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். என் கேள்வி பெரிய செலவுகளைப் பற்றித்தான். மாடிக்கு லிஃப்ட் கேட்கப் போகிறீர்களா? லிஃப்ட் வாங்குவதோடு முடியாது. வருடா வருடம் பராமரிப்பு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர்.

ஆற்றங்கரை:
லிஃப்டுக்கு முன்னால் ஒரு விஷயம். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக வைக்க வேண்டும். கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர். நம் நகராட்சிக்கும் ஒருவர் உண்டு. நம் மன்றக் கூட்ட அரங்கு எங்கே இருக்கிறது? முதல் மாடியில். அந்த உறுப்பினரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் உட்காரவைக்கப் போகிறோமா? வீடு தேடிப் போகிற சேவையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த இடம் ஊருக்காக முடிவெடுக்கிற இடம்.

அப்புறம், இது தயவு கேட்கிற விஷயமும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 45 பழைய பொதுக் கட்டடங்களுக்கும் பொருந்தும். விதிகள் 2017 ஜூனில் வந்தன, அதிலிருந்து ஐந்து வருடக் கெடு. 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியையே செல்லாது என்றது. கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னது. அந்த வழக்கு 2005-இல் பார்வையற்ற ஒருவர் போட்டது.

சைட் இன்ஜினீயர்:
லிஃப்ட் இல்லாமலும் வழி இருக்கிறது. தரைத்தளத்தில் பின்பக்கம் பெரிய ஹாலில் பழைய ஃபைலும் உடைந்த நாற்காலியும் கிடக்கின்றன. ஃபைல்களுக்கு மாடி ஏறத் தெரியாவிட்டாலும் ஆட்கள் தூக்கி வைக்கலாம். அவற்றை மேலே கொண்டுபோய்விட்டு மன்ற அரங்கையும் மனு வாங்குகிற அறையையும் கீழே இறக்கிவிடலாம். எனக்குத் தெரிந்து அந்தப் பின்பக்க வாசலில் ஒரே படிதான். 15 செ.மீ. என்றால் 1.8 மீட்டர் சாய்தளம் போதும். கணக்குப்பிள்ளை சார் பயப்படுகிற செலவில் பெரும்பகுதி இதிலேயே குறைந்துவிடும்.

மூன்றுசக்கரம்:
யோசனை நல்லது. ஒன்றே ஒன்று. பின்வாசல் எங்களுக்கு, முன்வாசல் மற்றவர்களுக்கு என்று ஆகிவிடக் கூடாது. அந்த வழியை எல்லாருக்கும் பொது வாசலாக ஆக்குங்கள். பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில் என்கிற கதையை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

செவ்வந்தி:
பொது வாசல் என்றால் என் மாமியாரும் அந்த வழியாகத்தான் போவார். கைப்பிடி மட்டும் மறக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மன்ற அரங்கு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். தரைத்தளத்துக்கு மாற்றும் யோசனையை ஆதரிக்கிறேன். ஆனால் பேருந்து நிலையத்தில் புதுக் கழிப்பறை கேட்டால் அதை எதிர்ப்பேன். இருக்கிற கழிப்பறைக்கே தண்ணீர் இல்லை, ஆள் இல்லை. தனியாக இன்னொன்று கட்டினால் பூட்டித்தான் கிடக்கும். யார் கழுவுவார்கள், யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று எழுதாமல் கட்டடம் மட்டும் கேட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மூன்றுசக்கரம்:
அண்ணா, வெளியூர் போகிற அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவன் நான். வழியில் எனக்குக் கழிப்பறை கிடையாது என்பதுதான் காரணம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. ஆகவே இதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஆளும் தண்ணீரும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. தனியாகக் கட்ட வேண்டாம், இருக்கிற கழிப்பறையிலேயே ஒரு அறையை அகலப்படுத்தட்டும். அப்போது அதைக் கழுவுகிற ஆள் இதையும் கழுவுவார்.

வெள்ளைக்கோல்:
மனு கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து அந்த வழியை நடந்து பார்க்கலாமா? நானும் மூன்றுசக்கரம் தம்பியும் முன்னால் போகிறோம். எங்கே நிற்கிறோமோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் போடும் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) கூட வந்தால் இன்னும் நல்லது. கட்டினபிறகு திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவதைவிட இது எனக்கு முக்கியம்.

ஆற்றங்கரை:
சனிக்கிழமை காலை 7 மணி, பேருந்து நிலையம் கிழக்கு வாசல். கவுன்சிலரிடம் சொல்லி ஜே.இ.யைக் கூப்பிடுகிறேன். கணக்குப்பிள்ளை, நீங்களும் வர வேண்டும். கழிப்பறையையும் அங்கேயே பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
வருகிறேன். அளக்க டேப் யாரிடம் இருக்கிறது? என்னிடம் இருப்பது 5 மீட்டர்தான்.

சைட் இன்ஜினீயர்:
7.2 மீட்டருக்கு அது போதாது சார். நான் 30 மீட்டர் டேப் கொண்டு வருகிறேன்.