புதுப்பிப்பு: தூக்கணாங்குருவி இரை ஊட்டும் படங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆற்றோரம் எடுத்த வில்லேஜ் வீவர் (ஒரு வகைத் தூக்கணாங்குருவி) படங்களில், குஞ்சுக்கு ஊட்டும் கணத்தில் தாயின் அலகு மட்டும் கலங்கிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் நன்றி. இப்போது படங்கள் நன்றாகவே வருகின்றன.

பெரிய மாற்றம் ஷட்டர் வேகம்தான். 1/500 நொடியிலிருந்து 1/2000 நொடிக்குப் போய், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டேன். படத்தில் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரகரப்பு) வந்தாலும் பரவாயில்லை, அலகில் தொங்கும் வெட்டுக்கிளியின் கால் வரை தெளிவாக விழுகிறது. கூட்டின் வாசல் கீழ்நோக்கி இருப்பதால் உச்சி வெயிலில் உள்ளே இருட்டு. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது வாசல் விளிம்பில் பின்னிய புல்லும் குஞ்சின் திறந்த வாயும் சேர்ந்து தெரியும். வாசலிலேயே ஃபோகஸை நிறுத்திவைத்தால் தாயைத் தேட வேண்டியதில்லை.

இன்னும் கிட்டப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. இரையைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தாய் கிளையிலேயே தயங்கினால், நாம் ஏற்கெனவே நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். உடனே பின்னால் வந்துவிடுங்கள். நான் நாணலுக்குப் பின்னால் நின்று 500 எம்எம் லென்ஸில் எடுக்கிறேன், அப்புறம் வீட்டில் ஓரங்களை வெட்டி க்ராப் செய்துகொள்கிறேன்.