வட்டைக்குள் ஓடும் ஞாயிறு – எங்கள் குடும்பக் குழு

*வியாழக்கிழமை*

தம்பி: ஞாயிறு நாங்கள் வைக்கிற ஓட்டத்துக்காக, பெரியப்பாவோடு மட்டக்களப்பு ஆயித்தியமலையில் முழு வழியையும் நடந்து பார்த்துவிட்டேன். மைதானத்தில் தொடங்கி வாய்க்கால் கட்டு வழியாகப் போய், வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கி, மருதமரம் நிற்கிற மதகடியில் திரும்பி வேறு வரம்பால் வரலாம். 10 கிலோமீற்றர். சின்னவர்களுக்கு 4 கிலோமீற்றர்ச் சுற்று ஒன்று பிரித்திருக்கிறேன். வெள்ளாமை வெட்டி முடிந்ததால் வரம்பெல்லாம் இறுகிக் கிடக்கிறது. அறுவடை மெசின் இறங்கிய ஓரிடத்தில் மட்டும் சகதி.

ஆயித்தியமலைப் பெரியப்பா: அந்தச் சகதியும் ஞாயிறுக்குள் காய்ந்துவிடும். சிறுபோகத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் திறந்தால் வாய்க்கால் கட்டில் இப்படி ஓட முடியாது. அதற்கு முன் வைப்பதுதான் சரி. வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேட்டுவிட்டேன். வரம்பை உடைக்காமல் ஓடினால் அவருக்குச் சந்தோசம் என்றார்.

கல்லடி மாமா: மிக நல்லது. நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கடைக்காரர் ரீசேட்டுக்கும் பதாகைக்கும் அனுசரணை தர ஆயத்தம். ஒரு பிரதம அதிதியையும் அழைத்தால் பத்திரிகையில் வரும். பிள்ளைகளுக்கும் உற்சாகமாக இருக்கும்.

அம்மா: 👍

நான்: மாமா, நீங்கள் அலைந்து பேசியது பெரிய விசயம். ஆனாலும் நான் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வட்டைக்குள் இறங்குகிற ஆனை விடியத்தான் காட்டுப் பக்கம் திரும்பும். அதனால் 6:30க்கு முன் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். 9 மணி தாண்டினால் வெயில் பிள்ளைகளைச் சுருட்டிவிடும். ஆனைக்கும் வெயிலுக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டரை மணித்தியாலம். அதிதி வந்து, மாலை போட்டு, விளக்கேற்றி, உரை முடிய 8 மணி ஆகும். அந்த நேரத்தை என்னால் கொடுக்க முடியாது.

மறுகா, அனுசரணை வந்தால் பணப் பரிசு வரும். பணப் பரிசு வந்தால் பழகிய ஓட்டக்காரர்கள் தூரத்திலிருந்து வருவார்கள். அவர்கள் வரட்டும், அவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் வருசத்தில் ஒரு தடவை சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் மரதன் ஓடுகிற அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் இதைக் கேட்டார்கள். தார் ரோட்டில் ஓடி அலுத்துவிட்டது, எங்கள் வரம்பில் ஓடினால் என்ன என்று கேட்டார்கள். கட்டணம் இல்லாமல், சப்பாத்து இல்லாதவரும் வந்து நிற்கிற மாதிரி இருக்கவேண்டும்.

மாமி: அவள் சொல்வது நியாயம்தான். யோசியுங்கள்.

கல்லடி மாமா: எத்தனையோ வருசம் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடத்தினவன் நான். அதிதி வரும்வரை அணிவகுப்பில் நின்ற பிள்ளைகள் மயங்கி விழுந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். சரி பிள்ளை, பதாகையும் வேண்டாம், அதிதியும் வேண்டாம். முடிவுக் கோடும் மணிக்கூடும் என் பொறுப்பு. அதை வேறு யாரிடமும் கொடுக்காதே.

நான்: அது உங்களுக்குத்தான் மாமா. 🙏

லீட்ஸ் சித்தப்பா: வேலை முடிந்து இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். இங்கே யோர்க்ஷயரில் நடக்கிற மலை ஓட்டங்களும் பலது இப்படித்தான். ஒரு புல்வெளியில் மேசை போட்டு, சில பவுண் வாங்கிக்கொண்டு இலக்கத்தைக் கையில் தருவார்கள். ஊர்ச் சங்கத்து ஆட்கள்தான் எல்லாம். மலை பெரிதென்றால் விசில், வரைபடம், திசைகாட்டி, மழைச் சட்டை இல்லாதவரைத் தொடங்கவே விடமாட்டார்கள். இவ்வளவு எளிமையாக நடத்துகிறவர்கள் ஒன்றில் மட்டும் இரும்பு மாதிரி நிற்பார்கள். பாதியில் விட்டவரும் முடிவுக் கோட்டுக்கு வந்து தன் இலக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டால், அந்த ஒருவரைத் தேடி மீட்புக் குழு இருட்டும்வரை மலையில் அலையும்.

நான்: சித்தப்பா, இதை எழுதியதற்கு நன்றி. எனக்கு இந்த ஓட்டத்தில் முதலாவது விசயமும் இதுதான். யார் முதலில் வந்தார் என்பது அடுத்தது. உள்ளே போன எல்லோரும் வெளியே வந்தார்களா என்று தெரியவேண்டும். தொடக்கத்தில் ஒரு கொப்பி, மதகடியில் ஒரு கொப்பி, முடிவில் ஒரு கொப்பி. மூன்றும் ஒத்துப்போகும்வரை யாரும் கலைந்து போகக்கூடாது. தம்பி, மட்டையில் இலக்கம் எழுதி ஊசியோடு கொண்டு வா.

தம்பி: ஓம் அக்கா. மதகடியில் நான் நிற்கிறேன். சைக்கிளும் கொண்டு போகிறேன்.

பெரியக்கா: கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யார்?

நான்: அதற்குத்தான் ஆள் தேடுகிறேன்.

பெரியக்கா: தேட வேண்டாம், நான் வருகிறேன். எனக்கு ஓட வராது, நடப்பேன். கதிர்காமப் பாத யாத்திரையில் உகந்தையிலிருந்து குமண காட்டுக்குள் இறங்கினால், கால் ஏலாமல் பின்தங்குகிறவரை விட்டுவிட்டு எங்கள் கூட்டம் ஒருநாளும் முன்னால் போனதில்லை. எவ்வளவு மெதுவாக வந்தாலும் கதைத்துக்கொண்டே கூட்டி வருவேன்.

பெரியக்கா மகள்: அம்மா பின்னால், நான் முன்னால் 😀 சித்தி, நான் 10 கிலோமீற்றர் ஓடலாமா? பாடசாலையில் 1500 மீற்றர் ஓடுகிறேன்.

நான்: ஓடலாம். ஆனால் 1500 ஓடுகிற வேகத்தில் தொடங்காதே. முதல் பாதியில் பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிகிற வேகம் போதும். வரம்பில் எட்டி எட்டி ஓடாதே, சின்னச் சின்ன அடியாக வை, கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். கண் காலைப் பார்க்காமல் மூன்று நான்கு மீற்றர் முன்னால் பார்க்கட்டும். வரம்பில் இரண்டு பேர் ஒன்றாகப் போக இடமில்லை. முந்த வேண்டுமென்றால் குரல் கொடு, முன்னால் போகிறவர் வயலுக்குள் ஒரு கால் இறக்கி வழி விடுவார்.

அம்மா: பொம்பிளைப் பிள்ளையை வட்டைக்குள் தனியே ஓட விடுவதா? ஆட்கள் என்ன சொல்வார்கள்?

ஆயித்தியமலைப் பெரியப்பா: என்ன சொல்வார்கள்? எங்கள் வட்டையில் புல் பிடுங்கவும் கதிர் பொறுக்கவும் விடியவே இறங்குவது பெண்கள்தானே. பிள்ளை ஓடட்டும். வழி நெடுக எங்கள் ஆட்கள் வாடியில் (காவல் குடிலில்) நிற்பார்கள்.

அம்மா: நீங்கள் நிற்பதென்றால் சரி.

*வெள்ளிக்கிழமை*

ஆயித்தியமலைப் பெரியப்பா: பிள்ளைகள் எல்லோரும் கவனமாக வாசியுங்கள். ஆனையை எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்குப் பயந்து நடப்பார்கள். எனக்குப் பயம் கம்பிக்குத்தான். பன்றிக்கென்று களவாக மின்சாரம் இழுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மனிதரும் செத்திருக்கிறார்கள். நாளைக்கு நானும் வட்டவிதானையும் வழி முழுக்க ஒவ்வொரு வயல்காரரிடமும் கேட்டு, கண்ணால் பார்த்து வருவோம். கட்டு இல்லாத கிணறு இரண்டு இருக்கிறது, அதைச் சுற்றித் தடி நாட்டிக் கயிறு கட்டுவோம். வைக்கோல் குவியலுக்குள் யாரும் கை கால் வைக்க வேண்டாம், புடையன் பாம்பு கிடக்கும். அடையாளம் கட்டின வழியை விட்டு யாரும் குறுக்கே போகக்கூடாது. ஞாயிறு விடிய நான் போய்ப் பார்த்து, ஆனை இல்லை என்று சொன்ன பிறகுதான் மாமா விசில் ஊதவேண்டும்.

கல்லடி மாமா: உங்கள் போன் வரும்வரை விசில் என் சட்டைப் பைக்குள் இருக்கும்.

தம்பி: அடையாளத்துக்குப் பொலித்தீன் வேண்டாம், சிவப்புத் துணி கிழித்து வைத்திருக்கிறேன். திரும்புகிற இடத்தில் நிலத்திலும் சுண்ணாம்புத் தூளால் அம்பு போடுகிறேன். திரும்பிய பிறகும் கொஞ்சத் தூரத்தில் ஒரு துணி இருக்கும். அதைக் கண்டால் சரியான வழிதான் என்று ஓடுகிறவருக்குத் தெரியும்.

தம்பி: அடுத்த தடவை குடும்பிமலைக்கு ஓடுவோமா? 534 மீற்றர்தானே!

நான்: ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் காட்டுக்குள் ஓட்டம் வைப்பதென்றால் அனுமதி வேண்டும், விழுந்தவரைத் தூக்கி வர ஆட்களும் வழியும் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றி முடிந்துவிட்டதாக 2017இல் அறிவித்தார்கள். அப்படியிருந்தும் பழைய சண்டை நடந்த காட்டில் மிதிபடாத இடத்தால் பிள்ளைகளை ஓடவிட எனக்கு மனம் வராது. முதலில் வட்டையில் ஆட்களை எண்ணப் பழகுவோம்.

நர்ஸ் மச்சாள்: டியூட்டி முடிந்து வந்துவிட்டேன். நான் சொல்வதைக் கட்டாயம் கேளுங்கள்.

இரவு நன்றாகச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கள். விடிய உப்புப் போட்ட கஞ்சி போதும். தாகத்துக்குக் குடியுங்கள், பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். இரத்தத்தில் உப்புக் குறைந்தால் அதுவும் ஆளை விழுத்தும். மதகடியில் ஜீவனி உப்புச்சீனித் தூள் கரைத்து வைப்போம், தூள் பொதியில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். நோவுக் குளிசை போட்டுக்கொண்டு ஓடவேண்டாம். டிக்ளோபெனாக், ஐபுபுரோபன் போட்டு வெயிலில் ஓடினால் சிறுநீரகம் அடிவாங்கும். காய்ச்சல், வயிற்றோட்டம் இருந்தவர் பார்க்க மட்டும் வரட்டும்.

ஒருவர் தள்ளாடினால், கேட்ட கேள்விக்கு மாறிப் பதில் சொன்னால், அது வெறும் களைப்பு இல்லை. உடனே நிழலில் படுக்கவைத்து, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஊற்றிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தக்கூடாது.

நான்: வாய்க்கால் தண்ணீர் போதுமா மச்சாள்?

நர்ஸ் மச்சாள்: மேலே ஊற்றப் போதும். குடிக்க வேண்டாம். காலில் காயம் உள்ளவர் சகதிக்குள் இறங்கவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். வயல்காரருக்கு அதற்கு முற்காப்புக் குளிசை கொடுப்பார்கள். பெரியப்பா, நீங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டு எடுத்தீர்களா?

ஆயித்தியமலைப் பெரியப்பா: எடுத்தேன் மகள்.

*ஞாயிற்றுக்கிழமை*

ஆயித்தியமலைப் பெரியப்பா: வழி சுத்தம். ஆனை விடியப்புறமே போய்விட்டது. தொடங்கலாம்.

கல்லடி மாமா: 6:34க்குத் தொடங்கியாயிற்று. கொப்பியில் 41 பேர். 10 கிலோமீற்றருக்கு 26, சின்னச் சுற்றுக்கு 15. பெண் பிள்ளைகள் 12.

மாமி: சின்னச் சுற்று 15 பேரும் வந்துவிட்டார்கள். எல்லோரும் மோர் குடிக்கிறார்கள்.

தம்பி: மதகடியில் 25 பேர். 21ஆம் இலக்கம் வரவில்லை.

நான்: பெரியக்கா எங்கே?

பெரியக்கா: மதகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். எனக்கு முன்னால் போன எல்லோரையும் கண்டேன். 21ஆம் இலக்கத்தைக் காணவில்லை.

நான்: அப்படியென்றால் அவர் வழியை விட்டு விலகியிருக்கிறார். தம்பி, கொப்பியை அக்காவிடம் கொடுத்துவிட்டு சைக்கிளில் பின்னால் வா, ஒவ்வொரு வாடியிலும் கேள். மாமா, வந்தவர் யாரையும் வீட்டுக்கு விடவேண்டாம், அவரோடு வந்தவர் யாரென்று கேளுங்கள். பெரியப்பா, கிணற்றடியைப் பாருங்கள்.

ஆயித்தியமலைப் பெரியப்பா: இரண்டு கிணற்றையும் பார்த்தேன். கயிறு அப்படியே இருக்கிறது.

கல்லடி மாமா: 21 பத்தாம் வகுப்புப் பொடியன். சப்பாத்து இல்லாமல் ஓடினவன். அவன் தங்கச்சி என் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

தம்பி: கண்டுபிடித்துவிட்டேன்!! மூன்றாவது வாடியில் இருக்கிறான். வெள்ளாமை ஒட்டு (வெட்டின தாளின் அடிக்கட்டை) உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. காவலுக்கு நின்ற ஐயா கூப்பிட்டு இருத்தி, கால் கழுவித் தேத்தண்ணீரும் கொடுத்திருக்கிறார். ஓட்டம் கெட்டுவிட்டதென்று அழுகிறான்.

நான்: அவனிடம் சொல், அவன் இலக்கத்தை எல்லோரும் தேடிக்கொண்டிருந்தோம். சைக்கிளில் முன்னால் இருத்திக் கூட்டி வா.

நர்ஸ் மச்சாள்: ஒட்டை யாரும் தோண்ட வேண்டாம். அப்படியே வரட்டும், நான் பார்க்கிறேன். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டதென்று தாயிடம் கேட்கவேண்டும்.

பெரியக்கா: கடைசி ஆளோடு மைதானத்துக்கு வந்துவிட்டேன். அறுபது வயது அம்மா ஒருவர். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கல்லடி மாமா: 8:52. மூன்று கொப்பியும் பார்த்தேன். 41 பேரும் மைதானத்தில். இப்போது போகலாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் ஒருவரும் போகவில்லை, தயிர்ச் சட்டியைச் சுற்றி நிற்கிறார்கள்.

பெரியக்கா மகள்: சித்தி, நான் பெண்களில் இரண்டாவது! முதலாவது வந்த அக்கா ஆயித்தியமலைதானாம். ஒவ்வொரு வரம்பும் அவவுக்குப் பாடம். அடுத்த மாதம் அவவோடு வந்து பழகலாமா?

அம்மா: போ மகள். நானும் கூட வருகிறேன்.

நர்ஸ் மச்சாள்: ஒட்டு எடுத்தாயிற்று. ஊசிக்கு நாளைக்கு வருகிறான். எல்லோரும் கேளுங்கள், இரண்டு கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வயல் சகதிக்குள் ஓடியதை டொக்டரிடம் சொல்லவேண்டும்.

லீட்ஸ் சித்தப்பா: விடிய மூன்றரைக்கு எழும்பி இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 21ஆம் இலக்கப் பொடியனுக்கு ஒரு சோடி சப்பாத்து என் கணக்கில். கால் அளவை எடுத்து அனுப்புங்கள்.

நான்: அவன் தங்கச்சிக்கும் சேர்த்து எடுக்கிறேன் சித்தப்பா.

ஆயித்தியமலைப் பெரியப்பா: மதகடியில் இன்னும் இரண்டு சிவப்புத் துணி கட்டின மாதிரியே இருக்கிறது. மாடு தின்னமுன் தம்பி வந்து அவிழ்.

தம்பி: வாய்க்கால் கட்டில்தான் வந்துகொண்டிருக்கிறேன் பெரியப்பா.