‘மறுசெயலாக்கம்’ பொருந்துமா? அணு எரிபொருளுக்கு இரண்டு சொற்கள்

அணு உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருளை வேதிமுறையில் பிரிக்கும் தொழில் நம் நாட்டில் 1964இல் டிராம்பேயில் தொடங்கிவிட்டது. ஆனாலும், ‘ரீபிராசசிங்’ எனப்படும் அந்தத் தொழிலுக்குத் தமிழில் இன்றுவரை ஒரு நிலைத்த பெயர் இல்லை. ‘மறுசெயலாக்கம்’, ‘மறுபதப்படுத்தல்’, ‘மறுசுழற்சி’ என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். பதப்படுத்தல் என்றதும் தோலும் மீனும் நினைவுக்கு வருகின்றன. ‘மறு’ என்ற முன்னொட்டோ முன்பு செய்ததையே திரும்பச் செய்வதாகப் பொருள் தருகிறது. இந்தப் பிரிப்பு அந்த எரிபொருளுக்கு முதன்முறையாகத்தான் நிகழ்கிறது.

கல்பாக்கத்தில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். கனநீர் உலையின் எரிபொருள் கற்றைகள் நீர்த்தொட்டியில் ஆறிய பின் துண்டுகளாக வெட்டப்பட்டுச் சூடான நைட்ரிக் அமிலத்தில் இடப்படுகின்றன. சிர்க்கோனியக் கலப்புலோக உறை கரையாமல் சக்கையாகத் தங்க, உள்ளிருந்தது கரைந்துவிடுகிறது. டிரைபியூட்டைல் பாஸ்பேட்டை ஏறத்தாழ 30 விழுக்காடு கலந்த ஹைட்ரோகார்பன் எண்ணெயோடு அக்கரைசலைச் சேர்த்தால், யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு மாற, சீசியம், ஸ்டிரான்சியம் முதலிய பிளவு விளைபொருள்கள் அமிலத்திலேயே நின்றுவிடுகின்றன. பிறகு புளூட்டோனியத்தை +4 ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +3 நிலைக்கு ஒடுக்கினால் (அதாவது எலக்ட்ரான் ஒன்றைச் சேர்த்தால்) அது மட்டும் நீர்க்கரைசலுக்குத் திரும்புகிறது. பிரிப்பதும் மீட்பதுமே இத்தொழிலின் உயிர் என்பதால் ‘பிரித்துமீட்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

வேதியியல் அறிந்த நண்பர் ஒருவர் சரியான மறுப்பொன்றை எழுப்பினார்: யுரேனியம் நாம் இட்டது, ஆகவே அதை மீட்கலாம், புளூட்டோனியம் உலைக்குள் யுரேனியம்-238 நியூட்ரானை ஏற்றதால் புதிதாகப் பிறந்தது, இடாததை எப்படி மீட்பது? நெடுநேரம் யோசித்தேன். பகைவர் கவர்ந்துசென்ற பசுக்கூட்டத்தை மீட்கப் போரிடும் கரந்தை மறவர் மீட்டுவரும் ஆநிரையோடு பகைப்புலத்தில் ஈன்ற கன்றும் கூடவே வரும். அதையும் சேர்த்தே ஆநிரை மீட்டல் என்போம். அந்தப் பொருள்விரிவு ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

‘தீர்ந்த எரிபொருள்’, ‘செலவழிந்த எரிபொருள்’ என்பவற்றையும் கைவிட வேண்டும். கனநீர் உலையிலிருந்து வெளிவரும் எரிபொருளில் 98 விழுக்காட்டுக்கு மேல் யுரேனியமாகவே இருக்கிறது. தீர்ந்தது என்பது உண்மையன்று. ‘கழிவு எரிபொருள்’ என்றால், அதைப் பிரிப்பதா புதைப்பதா என்று நாடுகள் வெவ்வேறாக எடுக்கும் முடிவைச் சொல்லே முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. சோற்றுக்கு உலை ஏற்றி இறக்கும் மொழி நம்முடையது; ‘உலையிறக்கிய எரிபொருள்’ என்றால் நடந்ததை மட்டும் சொன்னதாகும்.

‘மறுசுழற்சி’யை அதற்குரிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம்: பிரித்துமீட்ட புளூட்டோனியத்தை யுரேனியத்தோடு கலந்து, ஆக்சைடு எரிபொருளாக மீண்டும் உலைக்கு அனுப்பும் கட்டத்துக்கு அது பொருந்தும்.