பழைய இரும்பு எடுக்கும் அண்ணாமாரே, மஞ்சள் பெட்டி ஒன்று வந்தால் உடைக்க வேண்டாம்

நேற்றிரவு களுவாஞ்சிக்குடியில் கொத்து ரொட்டி சாப்பிட இறங்கின நேரம், எங்கள் பிக்கப்பில் இருந்து ரோட்டு மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் கருவியைச் சங்கிலியை வெட்டிக் கொண்டு போய்விட்டார்கள். சங்கிலிப் பூட்டு மட்டும் அப்படியே கிடக்கிறது. பெட்டியில் மூன்று இதழ் கதிரியக்கக் குறி இருக்கும். உள்ளே சீசியம்-137, அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள்கள். கைபிடிப் பூட்டைத் தொடாமல் விட்டால் பெரிய ஆபத்தில்லை, கழற்றினால்தான் வில்லங்கம். 1987இல் பிரேசிலின் கொயானியாவில் பழைய இரும்புக்குப் போன சீசியத்தால் 4 பேர் செத்தார்கள் (அது இதைவிட எவ்வளவோ பெரியது, ஆனாலும்). கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் யாராவது விற்க வந்தால் தள்ளி நின்று 119க்கு அடியுங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. எடுத்தவர் கண்ணில் இது பட்டால், தம்பி, அதை விற்றுக் காசாக்க ஏலாது, எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிடு.