ஓமர்: கதிர்க்கட்டா, மாவின் அளவா?

மரக்கால்:
யாத்திராகமம் 16-இல் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் உணவாகக் கிடைத்த மன்னாவைத் தலைக்கு ஒரு ஓமர் சேர்த்தார்கள். எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு என்று அளவும் அங்கேயே இருக்கிறது. லேவியராகமம் 23-க்கு வந்தால் அதே எபிரெயச் சொல்லைத் தமிழ் வேதாகமம் ‘கதிர்க்கட்டு’ என்கிறது. பஸ்கா பண்டிகையை ஒட்டி அதைப் படைக்கும் நாள்முதல் யூதர்கள் 49 நாள் எண்ணுவதற்கு ‘ஓமர் எண்ணிக்கை’ என்றே பெயர். தமிழில் படிப்பவருக்கு இந்தத் தொடர்பே அறுந்துபோகிறது. எருசலேம் ஆலயத்தில் படைத்தது அளந்தெடுத்த வாற்கோதுமை மாவு. ஓமர் என்றே விட்டிருக்க வேண்டும்.

அரிவாள்முனை:
மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே என்கிறது உபாகமம் 24. ரூத் கதிர் பொறுக்கியதும் கட்டுகளுக்கு நடுவே. இரண்டு இடத்திலும் ஓமர் என்றால் கட்டுதான். லேவியராகமமும் அறுப்பின் முதற்பலனைக் கொண்டுவரச் சொல்கிறதே தவிர, அரைத்துக் கொண்டுவரச் சொல்லவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் யாத்திராகமத்தில் ஒரு சொல்லும் லேவியராகமத்தில் வேறு சொல்லும்தான் போட்டது.

மரக்கால்:
நடைமுறையை யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விவரிக்கிறது. மூன்று சேயா, அதாவது ஒரு எப்பா வாற்கோதுமை அறுப்பார்கள். தீயில் வாட்டி, உடைத்து, 13 சல்லடைகளில் சலித்தால் தேறும் மாவு பத்தில் ஒரு பங்கு. சரியாக ஒரு ஓமர்! இதைத் தற்செயல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அரிவாள்முனை:
அதே மிஷ்னாவில் இன்னும் கொஞ்சம் படியுங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் நீதிமன்றத் தூதர்கள் வயலுக்குப் போய், பயிர் நிலத்தில் நிற்கும்போதே பிடிபிடியாகச் சேர்த்துக் கட்டிவிட்டு வருவார்கள். மாவுக்கு முன்னால் கட்டு இருந்திருக்கிறது. மிஷ்னா தொகுக்கப்பட்டதும் ஆலயம் இடிந்த கி.பி. 70-க்கு நூறாண்டுக்கு மேல் கழித்துத்தான்.

வயலோரம்:
இருவரும் சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் பெரிய சண்டை ஓமர் படைக்கும் நாளைப் பற்றியது. லேவியராகமம் சொல்லும் ‘ஓய்வுநாளுக்கு மறுநாள்’ என்றால் பஸ்காவின் முதல் நாளுக்கு மறுநாள் என்றார்கள் பரிசேயர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் என்றார்கள் அவர்களை எதிர்த்த போயத்தூசியர்கள் என்ற யூதப் பிரிவினர். அதனால்தான் அறுப்பவன் ஊரார் முன்னிலையில் உரக்கக் கேட்பான்: “சூரியன் மறைந்ததா?” “ஆம்.” “இது அரிவாளா?” “ஆம்.” “அறுக்கட்டுமா?” “அறு.” ஒவ்வொன்றும் மும்முறை. எதிர்த்தரப்பு காதில் விழட்டும் என்றே இவ்வளவும். வாய்மொழிச் சட்டத்தை ஏற்காத யூதப் பிரிவினரான காராயிட்டுகள் இன்றும் ஞாயிறு முதல்தான் எண்ணுகிறார்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, நம் ‘பிடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் பிடிப்பதும் பிடி, ஒரு பிடி அரிசி என்றால் அளவும் பிடி. கட்டும் அளவும் ஒரே சொல்லில் இருப்பதில் என்ன வியப்பு?

மரக்கால்:
பிடி நல்ல உவமை, அதை ஏற்கிறேன். அப்படியானால் லேவியராகமத்தில் ‘கதிர்க்கட்டு’ இருக்கட்டும். மூலச்சொல் ஓமர் என்று ஓர் அடிக்குறிப்பாவது வேண்டும்.

அரிவாள்முனை:
அடிக்குறிப்புக்கு எனக்கும் சம்மதம். கட்டை மட்டும் அவிழ்க்காதீர்கள்.